தகர டின் அடுப்பும் வார்ப்பிரும்புச் சட்டியும்: எங்கே தவறுகிறது, எப்படிச் சரிசெய்வது

தோப்பில் சமைக்கும்போது எது கெட்டாலும் பழி சட்டிமேல்தான் விழும். தோசை ஒட்டினால் கல் சரியில்லை, மீன் கரிந்தால் சட்டி சரியில்லை. நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்து, நல்ல சட்டியைச் சுரண்டிச் சுரண்டிப் பாழாக்கினேன். இப்போது ஏதாவது தவறினால் முதலில் குனிந்து தீயைப் பார்க்கிறேன், பிறகு விறகை, பிறகு காற்றை. சட்டியைப் பார்ப்பது கடைசியில்தான். கீழே எழுதியிருப்பதும் ஏறக்குறைய அதே வரிசையில் இருக்கும்.

நான் பேசும் அடுப்பு எது என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். பதினைந்து கிலோ எண்ணெய் டின் ஒன்று. அதன் அடிப்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு, அதாவது 10 சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு வாய். அந்த வாயிலிருந்து உள்ளே படுத்துப் போகும் ஒரு குழாய் நடுவில் திரும்பி, நிமிர்ந்து, டின்னின் மேல்மட்டம் வரை போகும். குழாய்க்கும் டின்னுக்கும் நடுவே உள்ள இடம் முழுக்க உமிச் சாம்பல். வாய்க்குள் பாதி உயரத்தில் ஒரு தகரப் பலகை உண்டு. விறகு அதன்மேல் படுத்திருக்கும், காற்று அதன் அடியில் போகும். ராக்கெட் அடுப்பு என்று சொல்வது இதைத்தான். 1980களில் அமெரிக்காவில் லாரி வினியார்ஸ்கி என்பவர் வகுத்துக் கொடுத்த அமைப்பு. உள்ளே நிரப்பும் சாம்பல் மட்டும் நம் ஊர்ச் சரக்கு. அம்பாசமுத்திரம் பக்கம் நெல் அவிக்கும் ஆலை எதில் கேட்டாலும் ஒரு சாக்கு கிடைக்கும். எடை கம்மி, சூட்டை வெளியே விடாது, தீயும் பிடிக்காது.

புகை கண்ணைக் கரிக்கிறது, தீ எழும்பவில்லை

ஊதுகுழலை எடுக்காதீர்கள். இந்த அடுப்பை ஊத வேண்டி வந்தாலே எங்கோ கோளாறு என்று அர்த்தம்.

முதலில் வாயில் இருக்கும் விறகில் பாதியை வெளியே இழுங்கள். ஒரு நிமிஷத்தில் தீ தானாக எழுந்தால், நீங்கள் அடுப்பின் தொண்டையை அடைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். பெருவிரல் தடிமனில் மூன்று சுள்ளி, அதிகம் போனால் நான்கு. அதற்குமேல் இந்த அடுப்பு கேட்காது. பலகைக்கு அடியில் சாம்பல் சேர்ந்து காற்றுவழி மூடியிருந்தாலும் இதே கதைதான். ஒரு குச்சியை விட்டு இழுத்துவிடுங்கள்.

அதிலும் எழவில்லையென்றால் விறகின் அடி நுனியைப் பாருங்கள். நுரை தள்ளி, சீ என்று சத்தம் போட்டால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. தீயின் சூடு முழுவதும் அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போகும், குளிர்ந்த தீ புகையாகும். இரண்டு விறகை ஒன்றோடு ஒன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தது டணங் என்று சொல்லும், ஈரம் டொப் என்று சொல்லும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே கிடந்த விறகு எல்லாமே டொப்தான். வேறு வழியில்லாதபோது அரிவாளால் விரல் கனத்துக்குப் பிளந்து, அடுப்பின் பக்கவாட்டில் சாய்த்து நிறுத்திவிடுங்கள். மேலே ஈரமாக இருந்தாலும் நடுவில் காய்ந்திருக்கும். முதல் சுற்று எரிவதற்குள் அடுத்த சுற்று உலர்ந்துவிடும்.

விறகு காய்ந்திருக்கிறது, வாயும் திறந்திருக்கிறது, இருந்தும் புகை என்றால் சட்டி டின்னின்மேல் அப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மேலே போகும் தீக்கு வழி வேண்டாமா? டின்னின் விளிம்புக்கும் சட்டியின் அடிக்கும் நடுவே ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விட வேண்டும். நான் பழைய கம்பித் துண்டு மூன்றை மடக்கி வைத்திருக்கிறேன். இடைவெளி மூன்று விரல் ஆகிவிட்டால் எதிர்க்கோளாறு வரும். தீ நன்றாக எரியும், உலை மட்டும் கொதிக்காது. சூடு சட்டியைத் தொடாமலே பக்கவாட்டில் போய்விடுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

பற்றவைத்த முதல் சில நிமிடங்கள் மட்டும் புகைந்தால் கவலை வேண்டாம். குழாய் குளிர்ந்திருக்கிறது. ஒரு கீற்றுப் பனையோலையைச் சுருட்டி, நிமிர்ந்த குழாய்க்கு நேர் கீழே வைத்துக் கொளுத்தினால் உள்ளே சூடேறி இழுவை பிடித்துவிடும்.

விறகைப் பற்றியே சொல்லிவிடுகிறேன், இது எனக்குப் பிடித்த பேச்சு. பற்றவைக்கத் தென்னையின் சில்லாட்டையை, அதாவது மட்டையின் அடியில் வலை மாதிரி இருக்கும் நாரை விடச் சிறந்தது எதையும் நான் பார்த்ததில்லை. தென்னம்பாளையை மூடியிருக்கும் கொதும்பைக் கிழித்துப் போட்டால் அடுத்த படி. பனையோலை சடசடவென்று எரிந்து முடிந்துவிடும், பொறி பறக்கும், காற்றடிக்கும் மாதங்களில் அதைத் தொடாதீர்கள். கதம்பை, அதாவது தேங்காய் உரித்த மட்டை, புகையத்தான் செய்யும், அது கொசுவுக்கு நல்லது, சமையலுக்கு வேண்டாம். நின்று எரிய வேண்டும் என்றால் உடை மரத்து விறகு, சீமைக் கருவேலம். இரண்டும் கனமான மரம், எரிந்து முடிந்தபின் கங்கு நிற்கும். சிரட்டை (கொட்டாங்குச்சி) ஒன்றிரண்டு போட்டால் சூடு சட்டென்று ஏறும், நாலு போட்டால் கையை மீறும். அரளிக் குச்சியை மட்டும் அடுப்பில் வைக்காதீர்கள், அதில் மீனைக் குத்திச் சுடவும் கூடாது. அதன் புகையும் நஞ்சு. ஆற்றங்கரையில் சுள்ளி பொறுக்கும் பிள்ளைகளுக்கு இதை முன்பே சொல்லிவையுங்கள். பெயிண்ட் அடித்த சட்டம், ஒட்டுப்பலகை இவையும் வேண்டாம்.

தீ மேலே போகாமல் வாய் வழியே வெளியே நக்குகிறது

ஆனி, ஆடியில் இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்பார்கள். செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் மேற்கிலிருந்து அடிக்கும் மேல்காற்று புகுந்து வருகிற நாட்கள் அவை. முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் காற்றாலைகள் வரிசையாக நிற்பது இந்தக் காற்றை நம்பித்தான். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிற ஊரில் ஒரு தகர டின் எம்மாத்திரம்?

அடுப்பின் வாய் காற்றுக்கு நேர் எதிரே, மேற்கைப் பார்த்து இருந்தால் காற்று உள்ளே மோதி, விறகை அரைமணி நேரத்தில் தின்றுவிடும், சாம்பல் சட்டிக்குள் பறந்து விழும். சரி என்று கிழக்கே திருப்பினால் காற்றுக்கு மறைவான அந்தப் பக்கம் இழுவை உண்டாகி, தீயை வாய் வழியாகவே உறிஞ்சி எடுக்கும். இரண்டும் தப்பு. வாயை வடக்கே அல்லது தெற்கே திருப்புங்கள். மேற்குப் பக்கம் ஒரு கை தூரம் தள்ளி, செங்கல்லை முழங்கால் உயரத்துக்கு அடுக்குங்கள். ஓலைத் தட்டியை மறைப்பாக வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு பொறி போதும், தட்டியும் போய் பக்கத்துப் பனையும் போய்விடும்.

காற்றே இல்லாத நாளிலும் தீ வெளியே வந்தால், நீண்ட விறகை உள்ளே தள்ள மறந்திருப்பீர்கள். எரிந்த நுனி உதிர்ந்தபின் தீ விறகு வழியாகவே பின்னால் ஊர்ந்து வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே தள்ளுவதுதான் இந்த அடுப்புக்கு நாம் கொடுக்கும் கூலி.

நடுவில் கரிகிறது, ஓரம் வேகவில்லை

இதில் சட்டியின் குணமும் தீயின் குணமும் சேர்ந்திருக்கின்றன, கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

வார்ப்பிரும்பு சூட்டைத் தேக்கி வைப்பதில் கெட்டிக்காரன், பரப்புவதில் சோம்பேறி. அலுமினியம் அதைவிட மூன்று, நான்கு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஆகவே கீழே ஓரிடத்தில் சூடு பட்டால் அந்த இடம் மட்டும் கொதிக்கும், நாலு விரல் தள்ளித் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். டின் அடுப்போ பத்து சென்டிமீட்டர் குழாய் வழியாக ஈட்டி மாதிரி தீயை மேலே அனுப்புகிறது. அகலமான தோசைக்கல்லை அதன்மேல் வைத்தால் நடுவில் கருந்தோசை, ஓரத்தில் பச்சை மாவு.

முதல் மருந்து, பொறுமையாகக் காய்ச்சுவது. இரண்டு சுள்ளித் தீயில் எட்டு, பத்து நிமிடம் வெறும் கல்லை வையுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கால் வட்டம் திருப்புங்கள். பிறகு தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். நடுவிலும் ஓரத்திலும் ஒரே மாதிரிச் சுர்ரென்று சொல்லி மறைந்தால் மாவு ஊற்றலாம். துளி உருண்டு, மணி மாதிரி ஓடினால் கல் அதிகம் காய்ந்துவிட்டது. விறகை வெளியே இழுத்து, ஈரத்துணியால் ஒரு துடை துடைத்து, கொஞ்சம் ஆறவிடுங்கள்.

இரண்டாவது, தோசைக்கும் மீனுக்கும் கொழுந்துவிட்டு எரியும் தீ வேண்டாம். உடை விறகை எரியவிட்டுக் கங்காக்கி, மூன்று செங்கல் நடுவே பரப்பி, அதன்மேல் கல்லை வையுங்கள். டின் அடுப்பு கொதிக்கவைக்கப் பிறந்தது. உளுந்தஞ்சோறு பொங்கவோ சொதி வைக்கவோ அதை மிஞ்ச ஆளில்லை. தோசை சுடுவதற்குப் பக்கத்தில் ஒரு கங்கு அடுப்பு இருக்கட்டும். இரண்டையும் ஒரே அடுப்பில் செய்துவிட வேண்டும் என்ற பிடிவாதத்தை நான் விட்டபிறகுதான் தோப்புச் சமையல் எனக்கு ருசிக்கத் தொடங்கியது.

பணியாரச் சட்டிக்கும் இதே சட்டம். நடுக்குழி கறுப்பு, ஓரக்குழி வெள்ளை என்றால் கங்கை நடுவிலிருந்து விலக்கி வட்டமாகப் பரப்புங்கள்.

எல்லாம் ஒட்டிக்கொள்கிறது

சாளை வறுக்கும்போது தோல் எல்லாம் சட்டியில், முள் எல்லாம் தட்டில். சின்ன வயதில் இப்படி ஒருநாள் கரண்டியால் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். திண்ணையிலிருந்து ஆச்சி பார்த்துக்கொண்டிருந்தவள், "ஏல, சட்டியப் போட்டு ஏன்ல சுரண்டுத? மீன அதும்பாட்டுக்கு விடு. வெந்தா அதுவே கழண்டு வரும்ல" என்றாள். நான் கேட்கவில்லை. அவளே எழுந்து வந்து விறகை வெளியே இழுத்துப் போட்டாள். இரண்டு நிமிடம் கழித்து அடுத்த மீன் தானாகவே நழுவியது.

அவள் சொன்னதில் எல்லாமே இருக்கிறது. ஒட்டுவதற்குக் காரணம் மூன்று. சட்டி காயும் முன்னே போட்டது, ஈரத்தோடு போட்டது, வேகும் முன்னே திருப்பப் பார்த்தது. மசாலா தடவிய மீனைக் கொஞ்ச நேரம் நிழலில் காயவிட்டுப் போடுங்கள். எண்ணெய் காய்ந்து லேசாக நெளிந்தபின் போடுங்கள். அடிப்பக்கம் மொறுமொறுப்பானால் அது தானாகவே பிடியை விடும். இழுத்துப் பார்த்து வரவில்லையென்றால் இன்னும் ஒரு நிமிடம் பொறுங்கள்.

இத்தனையும் செய்து ஒட்டினால்தான் சட்டி பழகவில்லை என்று அர்த்தம். புதுச் சட்டி வாங்கியதும் கழுவி, வடிகஞ்சியில் மூன்று நான்கு நாள் ஊறவைத்து, தினமும் கஞ்சியை மாற்றித் தேய்ப்பது நம் வீடுகளில் இருக்கும் வழக்கம். கடையில் வரும்போது ஒட்டியிருக்கும் கரியும் பூச்சும் அதில் போகும். சட்டி வழுக்குவதற்கு அது மட்டும் போதாது. எண்ணெயை மிக மெல்லிசாகத் தடவிச் சூடாக்கும்போது அது இறுகி, வார்னிஷ் மாதிரி இரும்போடு ஒன்றாகிவிடுகிறது. அந்தப் படலம்தான் பழக்கம். நல்லெண்ணெய் இதற்கு நன்றாக வரும், கடலை எண்ணெயும் பரவாயில்லை. தேங்காய் எண்ணெய் எவ்வளவு சூடாக்கினாலும் அவ்வளவாக இறுகாது, அதைப் பழக்குவதற்குப் பயன்படுத்தாதீர்கள். சமைக்கும்போது தாராளமாக ஊற்றலாம்.

பழகிய கல்லும் திடீரென்று ஒருநாள் முரண்டு பிடிக்கும். அன்றைக்குப் பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, நல்லெண்ணெயில் தொட்டு, சூடான கல் முழுக்கத் தேய்த்துவிட்டு முதல் தோசையைத் தடிமனாக ஊற்றுங்கள். அந்த ஒரு தோசையை நாய்க்குப் போட்டாலும் பரவாயில்லை, இரண்டாவது வரும்.

சட்டி பிசுபிசுக்கிறது

எண்ணெய் அதிகம். பாசத்தில் எல்லோரும் செய்யும் தப்பு இது. மறுபடி சூடாக்கி, பழைய வேட்டித் துணியால் அழுத்தித் துடையுங்கள். எண்ணெய் தடவியதே தெரியாத அளவுக்குத் துடைத்தபின் புகை அடங்கும்வரை வையுங்கள். கெட்டியாகத் தடவிய எண்ணெய் பிசினாகத்தான் நிற்கும், கோடை வெயிலில் தூசியெல்லாம் அதில் ஒட்டும்.

குழம்பு கறுத்து, இரும்பு வாடை அடிக்கிறது

புளி. வேறென்ன? மீன் குழம்பை இரும்புச் சட்டியில் வைத்தால் புளிப்பு அந்தப் படலத்தை அரித்து இரும்பைத் தொட்டுவிடும். அதோடு துவர்ப்புள்ள காய் சேர்ந்தால் நிறம் மாறும். கத்தரிக்காயும் வாழைக்காயும் இரும்பில் கறுப்பது இதனால்தான். அந்தக் காலத்தில் துவர்ப்புள்ள கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து எழுத்து மை காய்ச்சினார்கள். அதே வேலைதான் உங்கள் சட்டியில் நடந்திருக்கிறது. கெடுதல் ஒன்றுமில்லை, பார்க்க நன்றாக இருக்காது, வாயில் துருச்சுவை தட்டும்.

புளிக்குழம்புக்கு மண்சட்டி. இது என் தீர்ப்பு, மாற்றிக்கொள்ள மாட்டேன். இரும்புச் சட்டி ஒன்றுதான் கையில் இருக்கிறது என்றால் தாளிப்பையும் வதக்கலையும் அதில் முடித்து, புளியைக் கடைசியில் ஊற்றி, ஒரு கொதி வந்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். மிச்சத்தை மூடி வைத்துக் காலையில் பழஞ்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளலாம் என்று சட்டியிலேயே விட்டால் மறுநாள் முதல் வேலை சட்டியைத் திரும்பப் பழக்குவதாக இருக்கும்.

துரு

லேசான செம்புள்ளி என்றால் பதற ஒன்றுமில்லை. தேங்காய் நாரில் சாம்பலைத் தொட்டுத் தேய்த்து, கழுவி, உடனே அடுப்பில் வைத்துக் காயவைத்து, எண்ணெய் துடைத்தால் முடிந்தது. கழுவியபின் வெயிலில் கவிழ்த்து வைப்பது போதாது. நம் கண்ணுக்குக் காய்ந்த மாதிரி இருக்கும், இரும்பின் சிறு துளைகளில் ஈரம் நிற்கும். தீயில்தான் காய வேண்டும். உவரிப் பக்கம் இருக்கும் என் மதினி வீட்டில் உப்புக்காற்றுக்கு ஒரே வாரத்தில் தோசைக்கல் சிவந்துவிடும். "தம்பி, எண்ணெய் தடவி காகிதத்துல சுத்தி அரிசிப் பானைக்குள்ள வச்சிருவேன்" என்றார்கள். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும் அல்லவா, நல்ல யோசனைதான்.

பெருந்துரு வேறு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரைமீறியது உங்களுக்கு நினைவிருக்கும். தோப்புக் கொட்டகையில் வைத்திருந்த என் சட்டி சேற்றுக்குள் போய், பத்து நாளுக்கு மேல் கழித்துத்தான் கிடைத்தது. செங்கல் நிறத்தில், தொட்டால் பொடிபொடியாக உதிர்ந்தது. பழைய இரும்புக்குப் போடச் சொன்னார்கள். எனக்கு மனது வரவில்லை, அது ஆச்சியின் சட்டி.

செய்தது இதுதான். முதலில் சேற்றைக் கழுவி, செங்கல் தூளும் தேங்காய் நாரும் வைத்து உதிர்வதையெல்லாம் உதிர்த்தேன். பிறகு வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து சட்டி மூழ்க ஊற்றி, அரைமணிக்கு ஒருமுறை எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். இதை ராத்திரி முழுக்க ஊறவிடவே கூடாது. துருவைத் தின்று முடித்தபின் வினிகர் நல்ல இரும்பையும் தின்னும். மூன்றாவது முறை சாம்பல் நிறத்தில் இரும்பு தெரிந்தது. சோப்புத் தண்ணீரில் கழுவி, அந்த ஈரத்தோடேயே அடுப்பில் ஏற்றினேன். நீங்கள் ஐந்து நிமிடம் தாமதித்தாலும் புதிய இரும்பு மறுபடி மஞ்சள் பூத்துவிடும்.

காய்ந்ததும் நல்லெண்ணெய், துடைப்பு, சூடு. புகைந்து அடங்கும்வரை வைத்து, ஆறவிட்டு, மறுபடி எண்ணெய், துடைப்பு, சூடு. நான்கு தடவை. முதல் தடவையில் பழுப்பு, நான்காவதில் கறுப்பு. அதன்பின் ஒரு வாரம் வெங்காயமும் கத்தரியும் மட்டும், எண்ணெய் கூட ஊற்றி வதக்கினேன். தை மாதம் அதே சட்டியில் சாளை வறுத்தோம், ஒட்டவில்லை.

வாங்கும்போதே ஓட்டை விழுந்தது, குழிகள் ஆழமாக அரித்தது என்றால் அதில் உழைக்காதீர்கள். மேலோட்டத் துருவுக்குத்தான் இந்த வைத்தியம்.

சட்டி கீறல் விட்டிருக்கிறது, அல்லது அப்படிச் சந்தேகம்

காதில் பிடித்துத் தூக்கி, மரக்கரண்டியால் தட்டுங்கள். மண்பானை வாங்கும்போது செய்வோமே, அதே மாதிரி. கணீர் என்றால் உடல் நன்றாக இருக்கிறது. டப் என்று அடைத்த குரல் வந்தால் எங்கோ விரிசல். விளிம்பிலிருந்து கீழே ஓடும் மயிர்க்கோட்டைத் தேடுங்கள். ஒட்டவைக்க முயலாதீர்கள், கொதிக்கும் எண்ணெயோடு அது பிளந்தால் யார் காலில் விழும் என்று சொல்ல முடியாது.

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். சூடான சட்டியில் பச்சைத் தண்ணீர். வார்ப்பிரும்பில் கரி 2 முதல் 4 சதவீதம் வரை இருக்கும், அதனால் அது வளையாது, உடையும். ஓரிடம் சட்டென்று சுருங்கினால் பக்கத்து இடம் விட்டுக்கொடுக்காது, கீறல் விழும். சமையல் முடிந்ததும் ஆற்றில் கொண்டுபோய் முக்காதீர்கள். கை பொறுக்கும் சூடுவரை ஆறவிட்டு, வெந்நீரில் கழுவுங்கள். கீழே போட்டாலும் இதே கதிதான், பாறைமேல் வைத்துச் சமைக்கும் இடங்களில் கவனம்.

அடுப்புக்கடியில் டமார் என்று வெடிக்கிறது

ஆற்றிலிருந்து உருண்டைக் கல் எடுத்து அடுப்பு கூட்டியிருப்பீர்கள். தாமிரபரணிக் கற்கள் வழுவழுவென்று பார்க்க அழகு, அடுப்புக்கு ஆகாது. பல வருடம் தண்ணீரில் கிடந்த கல்லுக்குள் ஈரம் ஊறியிருக்கும். தண்ணீர் ஆவியானால் அளவில் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும். வெளியேற வழியில்லாவிட்டால் கல்லை உடைத்துக்கொண்டு வரும். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருக்கும் இடத்தில் இது விளையாட்டில்லை. சுட்ட செங்கல்லைக் கொண்டுபோங்கள், அதுவும் காய்ந்த செங்கல்லாக இருக்கட்டும்.

டின் சாய்கிறது, உள்குழாய் பொத்தலாகிவிட்டது

தேரி மணலில் எந்த அடுப்பும் நிற்காது. கீழே இரண்டு செங்கல்லைப் படுக்கப் போட்டு, மேலே அடுப்பை வையுங்கள். எட்டுக் கிலோ சட்டியும் குழம்பும் சேர்ந்தால் என்ன கனம் என்று நினைத்துப் பாருங்கள்.

உள்குழாய் கெடுவதைத் தடுக்க முடியாது. பால்மாவு டின் தகரம் சில சமையலிலேயே எரிந்து போகும், கனமான இரும்புக் குழாய் வருடக்கணக்கில் நிற்கும். மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஜிங்க் பூசிய வெள்ளைத் தண்ணீர்க் குழாயைத் தீ படும் இடத்தில் வைக்கவே வேண்டாம். பூச்சு எரிந்து வரும் புகையை மூச்சில் இழுத்தால் குளிர்காய்ச்சல் மாதிரி ஆளைப் படுக்கவைக்கும். பூசாத கறுப்பு இரும்பைக் கேட்டு வாங்குங்கள்.

மழை வந்துவிட்டது

குற்றாலச் சாரலில் இது எப்போதும் நடப்பது. சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், அடுப்பைத் தூக்காதீர்கள். எரியும் அடுப்பையோ கங்குச் சட்டியையோ கூடாரத்துக்குள், வேனுக்குள், அடைத்த அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கம் வருவது மாதிரி இருக்கும், அந்தத் தூக்கத்திலிருந்து எழ முடியாது. குளிருக்கு இதமாக இருக்கும் என்று யாராவது கங்கை உள்ளே வைக்கப் போனால் சண்டை போட்டாவது தடுங்கள்.

எங்கே அடுப்பு வைப்பது

இது கோளாறில் சேராது, கேட்பவர்கள் நிறைய. சொந்தத் தோப்பு, அறுத்த வயல், அனுமதி உள்ள ஆற்றங்கரை. மேலே காட்டுக்குள் வேண்டாம். களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம், தமிழ்நாட்டின் முதல் காப்பகம். காப்புக்காட்டில் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். ஆடி அமாவாசைக்கு அந்தக் காட்டுக்குள் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோவிலில் தங்கிப் பொங்கி வைக்கும் குடும்பங்களும், எங்கே, எப்படி என்று வனத்துறை சொல்லும் இடத்தில்தான் அடுப்பு மூட்ட வேண்டும்.

கிளம்பும் முன் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். விறகை வெளியே இழுத்து மண்ணில் குத்தி அணையுங்கள். கங்கின்மேல் தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். அடுப்பு சூடாக இருக்கும்போது அதன்மேல் நேரடியாக ஊற்றினால் தகரம் நெளியும், உமிச் சாம்பலும் நனைந்து கெட்டுப்போகும். அதனால் கங்கை முதலில் வெளியே வாரிப் போட்டு, அதன்மேல் ஊற்றுவது நல்லது. புறங்கையைச் சாம்பலுக்கு அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். வெதுவெதுப்புத் தட்டினால் இன்னும் ஒரு குடம்.